ஏழு பேர் வேலை செய்யற டூல் ரூமா, ஒரகடத்துல பெரிய கம்பெனியா? எதுக்குப் போறது?

சோமனூர் மெக்கானிக்கல்:

எல்லாருக்கும் வணக்கங்க. எனக்கு 23 வயசு. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு கோயம்புத்தூர் சின்னவேடம்பட்டியில, மத்த கம்பெனிங்களுக்கு பார்ட் வெட்டித் தர்ற ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுல சி.என்.சி. டர்னிங் (கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற லேத்) ஆபரேட்டரா இருக்கேன். சம்பளம் 16,500. ரெண்டு வருஷமா அதே பம்ப் ஷாஃப்ட், அதே புஷ். புரோகிராம் எல்லாம் முதலாளியோட மச்சான் போட்டுக் குடுத்துடுவாரு. நான் பீஸ் மாட்டி எடுக்கறது, இன்சர்ட் (வெட்டற முனை) மாத்தறது, சைஸ் தள்ளினா ரெண்டு மைக்ரான் மூணு மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) ஆஃப்செட் அடிச்சுச் சரி பண்றது, அவ்வளவுதான். இதுக்கு மேல இங்க கத்துக்க ஒண்ணும் இல்லைன்னு தோணுது.

இப்ப ரெண்டு இடத்துல கூப்பிடறாங்க.

ஒண்ணு, சென்னை பக்கம் ஒரகடத்துல கார் பார்ட்ஸ் பண்ற பெரிய கம்பெனி. பல நாட்டுல பிளான்ட் இருக்கு. மாசம் 20,500, பி.எஃப்., இ.எஸ்.ஐ. அதுல இருந்து பிடிப்பாங்க. கேன்டீன், பஸ், யூனிஃபார்ம், ஷூ எல்லாம் குடுக்கறாங்க. இன்டர்வியூ எடுத்தது கம்பெனி ஆளுங்கதான், ஆனா ஆஃபர் லெட்டர் ஒரு மேன்பவர் ஏஜென்சி லெட்டர்ஹெட்ல வந்திருக்கு. டிரெய்னி, 11 மாசம், அதுக்கப்புறம் செயல்பாட்டைப் பார்த்து நீட்டிப்புன்னு போட்டிருக்கு. பேசிக் 12,000.

இன்னொண்ணு, இங்க கோயம்புத்தூர்லயே மலுமிச்சம்பட்டி பக்கம் ஒரு டூல் ரூம், டை, ஃபிக்ஸ்சர் மாதிரி ஒண்ணு ரெண்டா பண்ற இடம். முதலாளியைச் சேர்க்காம ஏழு பேரு. ரெண்டு வி.எம்.சி. (சி.என்.சி. மில்லிங் மெஷின்), ஒரு டர்னிங் சென்டர், ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர். முதலாளி முன்னாடி ஒரு பெரிய கம்பெனி டூல் ரூம்ல இருந்தவரு. 18,000 தர்றேங்கறாரு. செட்டிங், புரோகிராமிங் ரெண்டும் சொல்லித் தர்றேன், ஆறு மாசத்துல நீயே ஃபிக்ஸ்சர் (பீஸைப் பிடிச்சு வைக்கற அமைப்பு) டிசைன் பண்ணி மாட்டணும்னு சொன்னாரு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரெண்டும் கிடையாது.

அப்பா கூலிக்குத் தறி ஓட்டறாரு. அக்கா கல்யாணத்துக்கு வெச்ச நகை இன்னும் பேங்க்ல இருக்கு, மாசாமாசம் வட்டி கட்டணும். அம்மா டூல் ரூம் வேண்டாங்கறாங்க, நாளைக்கு அந்தாளு மூடிட்டுப் போயிட்டா என்ன பண்ணுவேன்னு கேக்கறாங்க. மாமா, பெரிய கம்பெனி பேரு ஒருதடவை பயோடேட்டால ஏறிட்டா அப்புறம் கவலையே இல்லைங்கறாரு. அடுத்த வாரம் ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும். ரெண்டு பக்கமும் வேலை பார்த்தவங்க சொல்லுங்க.

ஒரகடம் ஷிஃப்ட்:

உங்க மாமா சொன்னதுக்கு மட்டும் முதல்ல பதில் சொல்லிடறேன் நண்பா. ஏஜென்சி ரோல்ல, அதாவது அவங்க ஆளாப் பதிவாகிப் போனா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டும் ஏஜென்சி பேர்லதான் வரும். சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் எல்லாத்துலயும் அவங்க பேருதான். "இந்த பிளான்ட்ல வேலை பார்த்தேன்"னு நீங்க பயோடேட்டால எழுதிக்கலாம், கையில காட்ட பேப்பர் இருக்காது.

நான் இதே மாதிரி ஒரு இடத்துல இருந்தேன். ஒரு ஆளுக்கு ரெண்டு மெஷின். லோட் பண்ணு, கதவை மூடு, பட்டனை அமுக்கு, அடுத்த மெஷினுக்குப் போ. ஆஃப்செட் ஸ்கிரீன் பூட்டியிருக்கும், சாவி மெஷினை செட் பண்ற செட்டர்கிட்ட. சைஸ் ஓடுதுன்னு தெரிஞ்சாலும் நாம தொடக்கூடாது, அவரைக் கூப்பிட லைட்டைப் போட்டுட்டு நிக்கணும். ஒப்பந்தம் முடியறப்ப சிலருக்கு நீட்டிச்சாங்க, சிலருக்கு இல்ல. மாடல் ஆர்டர் குறைஞ்ச மாசத்துல லைன்ல பாதிப் பேரு ஊருக்குப் போயிட்டாங்க.

நல்லதையும் சொல்லணும். சாப்பாடு நல்லா இருந்துச்சு. கண்ணாடி போடாம லைன்ல ஒரு அடி வைக்க முடியாது. மெஷின் கதவு திறந்தா ஸ்பிண்டில் நிக்கும். நான் பார்த்த சின்ன யூனிட்ல எல்லாம் அந்த இன்டர்லாக்கைத் துண்டிச்சு விட்டிருப்பாங்க, வேகமா வேலை முடியணும்னு. டூல் ரூமுக்குப் போறதா இருந்தா அதைப் பார்த்துட்டுப் போங்க.

பீளமேடு செட்டர்:

தம்பி, நான் ஆவாரம்பாளையத்துல பத்துக்குப் பதினைஞ்சு அடி ஷெட்டுல தொழில் கத்துக்கிட்டு, அங்கிருந்து பெரிய கம்பெனிக்குப் போயி, இப்ப நடுத்தரமான ஒரு கம்பெனியில செட்டர்களுக்கு மேல இருக்கேன். உங்க லெட்டரை வெச்சுச் சொல்றதா இருந்தா, பெரிய கம்பெனி உங்களைக் கூப்பிடவே இல்ல. உங்களைக் கூப்பிட்டிருக்கறது ஏஜென்சி. வேலை செய்யற இடம் அவங்க பிளான்ட், உங்க முதலாளி ஏஜென்சி. கம்பெனி ரோல்ல 20,500-ன்னா நான் யோசிக்காம போகச் சொல்லியிருப்பேன். இது வேற.

காசுக் கணக்கை முதல்ல முடிச்சுக்குவோம். 12,000 பேசிக்குல 12 சதவீதம் பி.எஃப். 1,440. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், ஒரு 154 ரூபா. கையில 18,900 வரும். ரூமுக்கு ஆளுக்கு மூவாயிரம், லீவு நாள் சாப்பாடு, ஊருக்கு வந்துட்டுப் போற டிக்கெட் எல்லாம் அதுல கழியும். இங்க 18,000-ல சோமனூர்ல இருந்து பைபாஸ் வழியா தினமும் வண்டியில வர்ற பெட்ரோல் கழியும். வீட்டுச் சாப்பாடு. மாசக் கடைசியில கையில நிக்கறது ஏறத்தாழ ஒண்ணுதான். ஆனா அங்க பிடிக்கற பி.எஃப். உங்க காசு, அதுக்குச் சமமா அவங்களும் போடணும். அந்த வித்தியாசத்தை மறக்காதீங்க, பின்னால அதுக்கு வர்றேன்.

இப்ப தொழில். நான் அந்த ஷெட்டுல சேர்ந்த புதுசுல ஒரு அலுமினியம் ஹவுசிங், 50 எச்7 போர், அதாவது 50 மில்லிமீட்டர் துளை. அளவு தள்ளிப்போக விடற டாலரன்ஸ் சைபர்ல இருந்து பிளஸ் 25 மைக்ரான் வரைக்கும். போர் அடிச்சு முடிச்சதும் துளையை அளக்கற டயல் போர் கேஜ் விட்டுப் பார்த்தேன், பிளஸ் 15. நட்டநடுவுல வந்திருக்கு, லாட்டை ஓட்டலாம்னு முதலாளியைப் பார்த்தேன். அவரு பீஸை வாங்கி என் உள்ளங்கையில வெச்சாரு. வெதுவெதுன்னு இருந்துச்சு. கிரானைட் மேல வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வான்னாரு. வந்து அதே கேஜை விட்டா பிளஸ் 4. அலுமினியம் ஒரு டிகிரி சூடு ஏறினா மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். 50 மில்லிமீட்டருக்கு, பத்து டிகிரிக்கு, பதினோரு மைக்ரானுக்கு மேல. டாலரன்ஸ்ல பாதியை சூடே தின்னுடும். அளவு எல்லாம் 20 டிகிரியில பார்க்கணும்னுதான் உலகம் பூரா ஒப்புக்கிட்டிருக்காங்க, நம்ம தகர ஷெட்டுல மே மாசம் மத்தியானம் என்ன சூடு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அன்னைக்கு அவரு அந்த சூட்டுக்கு எவ்வளவு ஆஃப்செட் விடணும், கூலன்ட்டை எப்படித் திருப்பணும், ஃபினிஷிங் கட்டுக்கு எவ்வளவு மிச்சம் வைக்கணும்னு மெஷின் பக்கத்துலயே நின்னு காட்டினாரு.

பெரிய கம்பெனியில இதே விஷயம் தெரியாதான்னா, நல்லாத் தெரியும். ஏ.சி. போட்ட மெட்ராலஜி ரூம் (அளக்கற ரூம்) இருக்கும், சி.எம்.எம்.னு அளக்கற மெஷின் இருக்கும், பீஸ் ஆறி ரூம் சூட்டுக்கு வந்த பிறகுதான் அளப்பாங்க. ஆனா அது அந்த ரூம்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். லோட் பண்ற டிரெய்னிக்கு ரிப்போர்ட்ல பச்சையா சிவப்பான்னு மட்டும்தான் வந்து சேரும். அங்க வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சுதான் வெச்சிருப்பாங்க, அவ்வளவு வால்யூம் அப்படி ஓட்டினாத்தான் வரும். அது தப்பில்ல. உங்க கையில வர்ற துண்டு எதுங்கறதுதான் கேள்வி.

உங்கப்பா தறி ஓட்டறவரு. அறுந்த நூலை முடிஞ்சு விடத் தெரிஞ்சவனும், பாவு பிணைச்சு தறியை ஓட வைக்கத் தெரிஞ்சவனும் ஒண்ணு இல்லைன்னு அவருக்கு நாம சொல்ல வேண்டியதில்ல. அவரையே கேளுங்க.

டூல் ரூம்னா இன்னைக்கு வார்ப்பு இரும்பு, நாளைக்கு 304 ஸ்டெயின்லெஸ், மறுநாள் கெட்டிப்படுத்தின டை ஸ்டீல். ஒவ்வொண்ணுக்கும் இன்சர்ட் வேற, வேகம் வேற. பீஸைக் கவ்வற சாஃப்ட் ஜாவை நீங்களே அளவுக்கு போர் பண்ணிக்கணும். டிராயிங்கைப் பார்த்து எந்தப் பக்கத்தை முதல்ல வெட்டறதுன்னு முடிவு பண்ணணும். ரெண்டு மூணு வருஷம் இதைப் பண்ணினவனை எந்த பிளான்ட்லயும் செட்டரா, புரோகிராமரா கம்பெனி ரோல்லயே எடுப்பாங்க. நான் அப்படித்தான் போனேன். இப்ப இன்டர்வியூ எடுக்கற இடத்துல இருந்தும் சொல்றேன், நான் டிராயிங்கைக் குடுத்து "எங்க பிடிப்பே"ன்னுதான் முதல்ல கேப்பேன். ஏழு வருஷம் பெரிய லைன்ல இருந்தவங்க அதுக்கு பதில் சொல்ல முடியாம உக்காந்திருக்கறதைப் பார்க்கறப்ப வயிறு எரியுது. அவங்க சோம்பேறிங்க இல்ல, யாரும் அவங்க கையில டிராயிங்கையே குடுக்கலை.

சரி, பி.எஃப். விஷயம். 20 பேராவது இருந்தாத்தான் பி.எஃப். கட்டாயம். இ.எஸ்.ஐ.க்கும் கிராஜுவிட்டிக்கும் (பணிக்கொடை) 10 பேரு. ஏழு பேருன்னா எதுவுமே அவரு மேல கட்டாயம் இல்ல, அவரு சட்டத்தை மீறலை. ஆனா முதலாளியும் தொழிலாளிங்களும் ஒத்துக்கிட்டா தாமாவே பி.எஃப்.ல சேரலாம், சட்டத்துல வழி இருக்கு. அதைக் கேளுங்க. முடியாதுன்னா, அவரு கட்ட வேண்டிய அந்த 12 சதவீதத்தைச் சம்பளத்துல சேர்த்துக் கேளுங்க. வர்றதைப் போஸ்ட் ஆபீஸ்ல பி.பி.எஃப். போட்டுடுங்க, கையில வெச்சா நகை வட்டிக்குப் போயிடும். மெஷின் வேலை, அதனால பேங்க்ல 20 ரூபா விபத்து காப்பீடும் 436 ரூபா ஆயுள் காப்பீடும் இன்னைக்கே போட்டுக்குங்க. வருஷத்துக்கு அவ்வளவுதான், ரெண்டுக்கும் தலா ரெண்டு லட்சம்.

மூடிடுவாங்கங்கற அம்மாவோட பயம் நியாயமானது. அது பெரிய கம்பெனிக்கும் உண்டுன்னு அவங்களுக்குச் சொல்லுங்க. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா 2006-ல ஆரம்பிச்சு 2014-ல மூடினாங்க. மறைமலை நகர் ஃபோர்டு 2021 செப்டம்பர்ல நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. அப்ப நஷ்ட ஈடு பேச்சுவார்த்தையில உக்காந்தது நிரந்தரத் தொழிலாளிங்க. அதனாலதான் ரோல் எதுன்னு திரும்பத் திரும்பக் கேக்கறேன்.

ஓசூர் குவாலிட்டி:

செட்டர் அண்ணா சொன்னதுல பெரும்பாலும் ஒத்துக்கறேன். ஒரு விஷயத்துல மட்டும் மாறுபடறேன். பெரிய கம்பெனியில துண்டு வேலைதான், ஒண்ணும் கத்துக்க முடியாதுங்கற மாதிரி படிக்கறவங்களுக்குத் தோணக்கூடாது.

நான் கம்பெனி ரோல்ல டிப்ளமோ டிரெய்னியா சேர்ந்து இப்ப குவாலிட்டி இன்ஜினியர். இங்க வந்துதான் ஒரு பீஸ் நல்லா வந்தாப் பத்தாது, பத்தாயிரமாவது பீஸும் அப்படியே வரும்னு காட்டணும்னு கத்துக்கிட்டேன். புது பார்ட் அனுப்பறதுக்கு முன்னாடி சி.பி.கே. (அளவு டாலரன்ஸுக்குள்ள எவ்வளவு நிலையா நிக்குதுங்கற கணக்கு) 1.67 வரணும்னு கஸ்டமர் கேப்பாங்க. வரலைன்னா கேஜ் தப்பா, மெஷின் தப்பா, ஆள் மாறினா அளவு மாறுதான்னு ஒவ்வொண்ணா உரிச்சுப் பார்க்கணும். 50 எச்7-ல பிளஸ் 15 வந்துச்சுன்னு செட்டர் அண்ணா சொன்னாரு இல்ல, அதே பீஸை மூணு பேரு மூணு தடவை அளந்தா என்ன வருதுன்னு பார்க்கறதுதான் எங்களுக்கு முதல் வேலை. கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் வந்தா எட்டு படியில காரணத்தைத் தேடி எழுதணும். இதை நான் பார்த்த சின்ன யூனிட்ல யாரும் சொல்லித் தரலை, அங்க அதுக்கு நேரமும் இல்ல.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. பத்து பேருக்குக் கீழ இருக்கற இடத்துல மகப்பேறு சட்டம் வராது. எனக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு கிடைச்சது, திரும்பி வந்தப்ப என் இடம் அப்படியே இருந்துச்சு. என் கூடப் படிச்ச ஒருத்தி சின்ன கம்பெனியில என்னைவிட நல்லா புரோகிராம் போடுவா. குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் அவளுக்குத் திரும்பிப் போக வேலையே இல்ல. இதை யாராவது தங்கச்சிங்க படிச்சா அவங்களுக்காகச் சொல்றேன்.

தம்பி, உங்க லெட்டரைப் பத்தி ஒண்ணு. 2025 நவம்பர் 21-ல புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததுல இருந்து, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்துல இருக்கறவங்களுக்கு ஒரு வருஷம் முடிஞ்சாலே கிராஜுவிட்டி உண்டு. முன்னாடி அஞ்சு வருஷம். உங்க லெட்டர்ல இருக்கறது 11 மாசம், அதுவும் டிரெய்னின்னு. ஏஜென்சிகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: இது அப்ரென்டிஸா, ஒப்பந்த வேலையா? 11 மாசம் முடிஞ்சா இடைவெளி விடாம நீட்டிப்பாங்களா? எழுத்துல பதில் வாங்குங்க. போன்ல சொல்றதை நம்பி ரூம் அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

சோமனூர் மெக்கானிக்கல்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஏஜென்சிக்கு போன் பண்ணினேன். அப்ரென்டிஸ் இல்ல, ஒப்பந்தம்தாங்கறாங்க. எழுத்துல கேட்டதுக்கு "சேர்ந்ததுக்கு அப்புறம் பார்க்கலாம்"னு வெச்சுட்டாங்க.

அப்பாகிட்ட தறி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை, அப்புறம் "அவரு சொல்றது சரிதான்"னாரு. அம்மாவுக்குத்தான் இன்னும் மனசு வரலை. டூல் ரூம் நிலைச்சு நிக்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? முதலாளிகிட்ட அதை எல்லாம் கேட்டா தப்பா நினைக்க மாட்டாரா?

கணபதி ஜாப் ஒர்க்:

நான் முதலாளி பக்கம் இருக்கறவன். பன்னெண்டு பேரு வேலை செய்யறாங்க. தாராளமாக் கேளுங்க தம்பி. வேலைக்கு வர்ற பையன் என் ஆர்டரைப் பத்திக் கேட்டா எனக்குச் சந்தோஷம்தான், நாளைக்கு இவன் பொறுப்பா இருப்பான்னு தோணும்.

முதல் கேள்வி, எத்தனை கஸ்டமர்? எங்களை மாதிரி இடங்கள் மூடறதுக்குப் பெரும்பாலும் வேலை இல்லாமப் போறது காரணம் இல்லீங்க. ஒரே கஸ்டமரை நம்பி இருப்போம், அவங்க பணத்தை நிறுத்தி வைப்பாங்க. 2006-ல வந்த எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 45 நாளுக்குள்ள குடுக்கணும். 90, 120 நாள்னு இழுக்கறவங்க இன்னும் இருக்காங்க. கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வராதுன்னு நாங்க வாயை மூடிக்கிட்டு இருப்போம். அந்த இடைவெளியில ஸ்டீல்காரனுக்குக் குடுக்கணும், கரன்ட் பில் கட்டணும், ஏழாம் தேதி சம்பளம் போடணும். நாலஞ்சு கஸ்டமர் வெவ்வேற தொழில்ல இருந்தா, பம்ப் ஒண்ணு, டெக்ஸ்டைல் மெஷினரி ஒண்ணு, ஆட்டோ ஒண்ணு அப்படின்னா, ஒண்ணு படுத்தாலும் ஒண்ணு தாங்கும்.

ரெண்டாவது, மெஷினுக்கு லோன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அவரைக் கேக்க முடியாது. ஆனா மெஷின் எந்த வருஷம் வாங்கினதுன்னு கேக்கலாம், பிளேட்லயே இருக்கும். ரெண்டு வி.எம்.சி.யும் இந்த வருஷம்தான் இறங்கியிருக்குன்னா இ.எம்.ஐ. அழுத்தம் ஜாஸ்தி. பழைய மெஷின் ஒண்ணு, புதுசு ஒண்ணுன்னா நிதானமா வளர்றவரு.

மூணாவது, அவரைக் கேக்காதீங்க. அங்க வேலை செய்யறவரை டீக்கடையில பிடிச்சு, சம்பளம் எந்தத் தேதி வருது, எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு கேளுங்க. ஏழு பேருல நாலு பேரு அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா அம்மாகிட்ட அதைச் சொல்லுங்க. 2020 ஊரடங்குல ஆர்டர் நின்னப்ப எங்களால பாதிச் சம்பளம்தான் குடுக்க முடிஞ்சது. ஆளுங்க போகலை. அந்த வருஷம் அங்க என்ன நடந்துச்சுன்னும் விசாரிங்க.

சோமனூர் மெக்கானிக்கல்:

இன்னைக்கு நேர்ல போயி ஒரு மணி நேரம் இருந்தேங்க. கஸ்டமர் அஞ்சு பேரு, அதுல ரெண்டு பம்ப், ஒரு டெக்ஸ்டைல் மெஷினரி, ரெண்டு டை கேஸ்டிங். கிரைண்டர்ல இருக்கற அண்ணன் ஒன்பது வருஷமா இருக்காரு, சம்பளம் தள்ளிப்போனா முன்னாடியே சொல்லிடுவாராம். ஒரு வி.எம்.சி.யில இன்டர்லாக் வேலை செய்யலை. நான் கேட்டேன், சென்சார் ஆர்டர் போட்டிருக்கேன்னு பில்லைக் காட்டினாரு. பி.எஃப். இப்ப முடியாது, ஆள் கூட்டறப்ப பார்க்கலாம், அதுவரைக்கும் 19,500 தர்றேன்னு சொல்லி பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு. ஒண்ணாம் தேதி சேர்றேன். மாஸ்டர்கேம் (சி.என்.சி. புரோகிராம் போட்டுத் தர்ற சாஃப்ட்வேர்) கிளாஸ் ஒண்ணு காந்திபுரத்துல இருக்கு, அதுக்கு முன்னாடியே சேர்ந்துடலாமா?

பீளமேடு செட்டர்:

சந்தோஷம் தம்பி. மாஸ்டர்கேமுக்கு இப்பவே காசு கட்டாதீங்க. முதல் மூணு மாசம் மெஷினுக்குக் கட்டளை சொல்ற ஜி-கோடை நோட்டுல கையால எழுதிப் பழகுங்க, ஜி41, ஜி42 எந்தப் பக்கம் கட்டரைத் தள்ளுதுன்னு படம் போட்டுப் பாருங்க. அந்த ரெண்டு வி.எம்.சி.யோட கன்ட்ரோல் ஃபனுக்கா சீமென்ஸான்னு பார்த்துட்டு, அந்த மேனுவலை முதலாளிகிட்ட கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. சாஃப்ட்வேர் தர்ற புரோகிராமை வரிவரியாப் படிச்சு, இந்த இடத்துல டூல், பீஸைப் பிடிச்சிருக்கற வைஸ்ல இடிக்கும்னு உங்களால சொல்ல முடியறப்ப கிளாஸ்ல சேருங்க. சொந்தமா ஒரு வெர்னியர் வாங்கி வெச்சுக்குங்க, போலி நிறைய வருது, பில் போட்டுத் தர்ற கடையில வாங்குங்க.